நாற்று மண்ணைச் சூடாக்கிப் பழகியவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, தக்காளி, மிளகாய் விதைகள் நன்றாகத்தான் முளைக்கின்றன. ஆனால் இரண்டு இலை விட்டதும், மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நூல் போல இளைத்துப் பழுப்பாகிறது. மறுநாள் காலையில் நாற்று சாய்ந்து கிடக்கிறது. மூன்று தட்டுகள் இப்படியே போய்விட்டன, பார்க்கவே மனசு கேட்கவில்லை. பித்தியம், ரைசோக்டோனியா மாதிரியான மண் கிருமிகளால் வரும் நாற்றழுகல் என்றுதான் நினைக்கிறேன். தோட்டத்து மண்ணை அப்படியே தட்டில் நிரப்பியது என் தவறு.

இனி கிருமி சாக மண்ணைச் சூடாக்கிய பிறகுதான் விதைப்பு. ஈர மண்ணின் நடுப்பகுதி 82 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருக்க வேண்டும், 93-ஐத் தாண்டினால் அம்மோனியாவும் மாங்கனீசும் கூடி நாற்றுக்கே கெடுதல். இதுவரை சரி. ஆனால் மூடிய பாத்திரத்தில் ஆவியில் வைத்துப் பார்த்தேன், ஓரத்தில் 90-ஐத் தொடும்போது நடுவில் 60கூட இல்லை! மண்ணை எத்தனை விரல் உயரத்துக்குப் பரப்புகிறீர்கள்? இடையில் கிளறலாமா?

அப்புறம், ஆறிய மண்ணில் டிரைக்கோடெர்மா (கெட்ட கிருமிகளை அடக்கும் நல்ல பூஞ்சை) கலப்பவர்கள் உண்டா? சூட்டில் நல்ல கிருமிகளும் செத்து வெறுமையான மண்ணில் கெட்ட கிருமி திரும்ப வந்தால் வேகமாகப் பரவும் என்பதுதான் என் பயம். விதைத்த அன்றே கலக்க வேண்டுமா, சில நாள் முன்பேயா?

ரோஜா, செம்பருத்திக் குச்சிகளும் வைக்கப் போகிறேன். அவற்றுக்கு மண்ணே வேண்டாம், கழுவிய மணலும் பெர்லைட்டும் (சூட்டில் பொரிந்த எரிமலைக் கல் துகள்) போதுமென்று தோன்றுகிறது. வேர் பிடிக்க வைத்த அனுபவம் உள்ளவர்கள் கலவை அளவைச் சொல்லுங்கள். அடுத்த தட்டை உங்கள் பதில் பார்த்துத்தான் நிரப்புவேன்.