வீட்டிலிருந்து வேலை: விரட்ட ஆளில்லாவிட்டால் ஓடுவோமா?

மேலூர்க்காரன்:
வாரத்தில் மூன்று நாள் வடபழஞ்சி ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். டீமில் பாதிப் பேருக்குப் புலம்பல், மீதிப் பேருக்கு நிம்மதி. அந்த நிம்மதிதான் எனக்குப் புரியவில்லை. வீட்டில் வேலை ஓடவில்லை என்றால் குறை ஆளிடம்தான். காலையில் லேப்டாப்பைத் திறக்கும் முன்பே அன்றைக்கு முடிக்க வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவிடுவேன். கஷ்டமானது முதலில், மெயில் எல்லாம் அப்புறம். சார்லஸ் மான்ஸ் என்ற நிர்வாகவியல் பேராசிரியர் 1986-லேயே இதை எழுதிவிட்டார்: இலக்கை நாமே வைக்க வேண்டும், நம்மை நாமே கவனிக்க வேண்டும், வேலைக்குள்ளேயே ஒரு ருசியைத் தேடிக்கொள்ள வேண்டும். சீனாவில் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் கால் சென்டரில் ஒன்பது மாதம் சோதித்தார்கள். வீட்டிலிருந்தவர்கள் முடித்த வேலை 13 சதவீதம் கூடியது. 2015-ல் ஆய்வு வெளிவந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

வில்லாபுரம் விஜி:
அண்ணே, அந்த ஆய்வை முழுசாகப் படித்தீர்களா? விருப்பப்பட்டுப் பெயர் கொடுத்தவர்களைத்தான் சேர்த்தார்கள். அதிலும் வீட்டில் தனி அறையும் பிராட்பேண்டும் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் தனி அறை என்றால் பாத்ரூம்தான். கிளையன்ட் காலில் இருக்கும்போது கேஸ்காரர் வாசலில் கத்துவார், ஹாலில் மாமியாரின் சீரியல் ஓடும். "வீட்லதானே இருக்கே, ரேஷன் கடைக்குப் போய்ட்டு வந்துரு" என்பார்கள். இதே வீட்டில் என் கணவர் கதவைச் சாத்திக்கொண்டால் யாரும் தட்ட மாட்டார்கள். நீங்கள் சீட்டு ஒட்டும்போது சாம்பார் யார் வைக்கிறார்கள்?

மேலூர்க்காரன்:
சாம்பார் அம்மா. சரி, அதில் நீங்கள் சொல்வது ஞாயம். ஆனால் கல்யாணமாகாத, மாடியில் தனி ரூம் வைத்திருக்கும் பையன்களும் மதியம் தூங்குகிறார்களே, அதற்கு என்ன சொல்வீர்கள்?

திருநகர் டீம் லீட்:
நான் ஆள் வைத்து வேலை வாங்குகிறவன், அதனால் சொல்கிறேன். அந்தப் பையன்களில் பலருக்குத் தூக்கம் சோம்பலில் வருவதில்லை. எதை முடித்தால் நல்ல பெயர் என்று யாரும் சொல்லவில்லை; சாட்டில் ஆள் ஆன்லைனில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி எரிகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவன் தலையாட்டும் டேபிள் ஃபேனில் மவுஸை நூலால் கட்டிவிட்டுச் சாப்பிடப் போவான். ஃபேன் திரும்பத் திரும்ப அவன் ஆன்லைனில் இருந்துகொண்டே இருப்பான். எதை அளக்கிறீர்களோ அதைத்தான் கொடுப்பார்கள்.

என் டீமில் புள்ளியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். திங்கட்கிழமை அவரவர் வேலையை அவரவரே சொல்ல வேண்டும், வெள்ளிக்கிழமை செய்ததைக் காட்ட வேண்டும். டெசி, ரயான் என்ற உளவியலாளர்கள் மனிதனுக்கு உள்ளிருந்து ஊக்கம் வர மூன்றைச் சொல்வார்கள்: தன் விருப்பப்படி செய்கிறோம் என்ற உணர்வு, நமக்கு இது வரும் என்ற நம்பிக்கை, கூட ஆள் இருக்கிறது என்ற நினைப்பு. முதல் இரண்டை மேலூர்த் தம்பியின் சீட்டு கொடுத்துவிடும். மூன்றாவது? சிட்ரிப் சோதனை முடிந்ததும் வீட்டிலிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஆபீசுக்கே திரும்பினார்கள். தனிமைதான் பெரிய காரணம்.

மேலூர்க்காரன்:
திங்கட்கிழமை தானே சொல்லி வெள்ளிக்கிழமை தானே காட்டுகிறான் என்றால், நான் சொன்னதும் அதுதானே சார்?

திருநகர் டீம் லீட்:
பாதிதான் தம்பி. சொல்ல இடம் கொடுத்தது யார்?

வில்லாபுரம் விஜி:
உங்கள் டீமில் ஆள் எடுத்தால் சொல்லுங்கள் சார். ஒரே ஒரு கேள்வி: மாசாந்திர ஷட்டவுன் அன்றைக்கு இன்வெர்ட்டர் மதியத்துக்குள் உட்கார்ந்துவிடும். அன்றைக்கு வடபழஞ்சிக்கு வந்தால் சீட் இருக்குமா, இல்லை அதற்கும் முன்பதிவா? இங்கே மேனேஜர் லீவு போடச் சொல்கிறார்.

மேலூர்க்காரன்:
லீவா? அது அநியாயம் அக்கா. எச்.ஆருக்கு மெயில் போடுங்கள். நம் ஆட்களையும் சிசியில் சேருங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.