சங்கீதத்தில் இரண்டாவது வரி எதற்கு? வரி பிரிப்பதிலும் ஒரு சந்தேகம்

வேதவாசகன்:
சங்கீதங்களை எபிரெய மூலத்தை அருகில் வைத்துக்கொண்டு கவிதையாக வாசிக்கும்போது இரண்டு இடங்களில் முட்டுகிறது. ஒன்று, 19:1. "வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறது, ஆகாயவிரிவு அவருடைய கரங்களின் கிரியையை அறிவிக்கிறது." சொன்னதையே இரண்டாம் வரி திரும்பச் சொல்கிறது. இணைவரி, அதாவது ஒரு வரிக்கு ஈடாக அடுத்த வரி வருவது, இவ்வளவுதானா? மற்றொன்று, வசனத்தின் நடுவே நிறுத்தம் காட்ட வரும் அத்நாக் என்ற குறியில் வரியை முறித்தால் 1:1 போன்ற வசனங்களில் முதல் பாதி நீண்டுபோய் அடுத்த பாதி குட்டையாக நிற்கிறது. சொல் கணக்கும் ஆளுக்கு ஒன்றாக வருகிறது. எங்கே தவறு?

ஓலைநறுக்கு:
முதலில் எண்ணைச் சரிபாருங்கள். எபிரெயப் பதிப்பில் நீங்கள் சொல்லும் வசனம் 19:2. பல சங்கீதங்களில் தலைப்பையும் ஒரு வசனமாக எண்ணியிருப்பார்கள். 51-இல் தலைப்பே இரண்டு வசனம். இதைக் கவனிக்காமல் பக்கத்து வசனத்தை ஆராய்ந்துகொண்டிருப்பவர்கள் உண்டு.

இனி வரிக்கு வருவோம். மூலத்தின் சொல் வரிசையை அப்படியே வைத்தால்: "வானங்கள் – எடுத்துரைக்கின்றன – தேவ மகிமையை / அவர் கைவேலையை – அறிவிக்கிறது – ஆகாயவிரிவு." எழுவாய், வினை, செயப்படுபொருள் என்று போன வரி, அப்படியே தலைகீழாகத் திரும்பி வருகிறது. வானம் இரு முனையிலும் நிற்க, தேவனுடைய மகிமையும் கைவேலையும் நடுவில் அடங்குகின்றன. தமிழில் வினை கடைசியில் வந்தாக வேண்டும் என்பதால் மொழிபெயர்ப்பில் இரண்டு வரியும் ஒரே அச்சில் விழுந்துவிட்டன. திரும்பச் சொல்வதுபோல் உங்களுக்குத் தோன்றியதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மீதிப் பாதி பொருளில் இருக்கிறது. "மகிமை" கண்ணுக்குப் பிடிபடாத சொல். "கைவேலை" என்றதும் கையும் வருகிறது, செய்த பொருளும் வருகிறது. இரண்டாம் வரி பெரும்பாலும் இப்படித்தான் முதல் வரியைக் கூர்மையாக்கும், அல்லது ஒரு படி நகர்த்தும். 1753-இல் ஆங்கில அறிஞர் ராபர்ட் லௌத் இணைவரிகளை ஒத்தவை, முரண்பட்டவை, தொகுப்பவை என மூன்றாக வகுத்தார். பெரிய திறப்புதான். ஆனால் மூன்றாவது வகை, மற்ற இரண்டிலும் அடங்காத எல்லாவற்றையும் போட்டுவைக்கும் மூட்டையாகிவிட்டது. வகைப்பெயர் எழுதிவிட்டால் வாசிப்பு முடிந்தது என்று நினைக்காதீர்கள். இணைச் சொற்களை நேருக்கு நேர் எழுதி, ஒவ்வொரு இணையிலும் எது மாறியது, எது விடுபட்டது என்று கேளுங்கள்.

மக்கேஃப்:
அத்நாக் பற்றி. சங்கீதம், நீதிமொழிகள், யோபு ஆகிய மூன்று நூல்களுக்கும், அத்நாக் போன்ற இசைக்குறிகளின் முறையே வேறு. அங்கே நீண்ட வசனங்களில் தலையாய பிரிவு அத்நாக் அல்ல, ஓலே-வெயோரேத். சொல்லுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக வரும் இரட்டைக் குறி அது. 1:1-இல் அது "துன்மார்க்கர்" என்ற சொல்லில் இருக்கிறது, அத்நாக் "நில்லாமலும்" என்பதில். முதலில் ஓலே-வெயோரேத்தில் முறியுங்கள், பிறகு அத்நாக்கில். நடவாமல், நில்லாமல், உட்காராமல் என மூன்று வரியும் தானாகப் பிரியும். அப்போது இன்னொன்றும் தெரியும்: மூலத்தில் "நடவாமல்" மட்டும் தன் வரியில் முன்னே வருகிறது, மற்ற இரண்டும் வரிக் கடைசியில்.

கணக்கு மாறுவதற்குக் காரணம் மக்கேஃப், அதாவது சொற்களை இணைக்கும் சிறு கோடு. தாளத்துக்கு எண்ணினால் கோட்டால் சேர்ந்தவை ஒன்று. சொல்லுக்கு எண்ணினால் தனித்தனி. 19:2 சொல் கணக்கில் 4+4, தாளக் கணக்கில் 3+4. எந்தக் கணக்கு என்று முதலிலேயே எழுதிவையுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.

23-ஆம் சங்கீதத்தில் சொல் கணக்கு பலன் தருகிறது. தலைப்பை நீக்கி, மக்கேஃப் சொற்களைப் பிரித்து எண்ணினால் 55. அதில் "தேவரீர் என்னோடே கூட இருக்கிறீர்" என்பது மூலத்தில் மூன்றே சொல். அதற்கு முன் 26, பின் 26. எண்ணிக்கை மட்டும் என்றால் தற்செயல் எனலாம். ஆனால் "அவர்" என்று பேசிவந்த குரல் "நீர்" என்று திரும்புவதும் அதே இடத்தில்தான்.

வேதவாசகன்:
1:1 இப்போது சரியாகப் பிரிகிறது, நன்றி. ஓசையை எப்படிப் பிடிப்பது? எதுகை தேடினால் அகப்படவில்லை.

ஓலைநறுக்கு:
எதுகை இவர்களுக்குச் சட்டமல்ல, தேவைப்பட்ட இடத்தில் எடுக்கும் கருவி. ஏசாயா 5:7-ஐ வாய்விட்டு வாசியுங்கள். தேவன் எதிர்பார்த்த நியாயம் 'மிஷ்பாத்', கிடைத்ததோ 'மிஸ்பாக்', அதாவது கொடுமை. எதிர்பார்த்த நீதி 'ட்செதாக்கா', கிடைத்ததோ 'ட்செஆக்கா', அதாவது அலறல். காதுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே கேட்டு, பொருளில் நேர்எதிராக நிற்கின்றன. 'மிஸ்பாக்' வேதாகமத்தில் வேறெங்கும் வராத சொல். ஓசைக்காகவே தேடி எடுத்தது என்பது என் வாசிப்பு.

137-இன் முதல் மூன்று வசனங்களில் "நூ" என்ற விகுதி திரும்பத் திரும்ப விழும். "நாங்கள்", "எங்கள்" என்று பொருள்படும் விகுதி. சிறைப்பட்ட கூட்டம் முழுவதும் சேர்ந்து அழுவதுபோல் கேட்கும். அதே சங்கீதத்தில் "என் வலதுகை தன் தொழிலை மறப்பதாக" என்று தமிழில் இருக்கிறது அல்லவா? "தன் தொழிலை" மூலத்தில் இல்லை. "எருசலேமே, நான் உன்னை மறந்தால், என் வலதுகை மறக்கட்டும்" என்று எதை என்றே சொல்லாமல் நின்றுவிடுகிறது.

மக்கேஃப்:
23:6-இல் "தொடரும்" என்பதையும் பாருங்கள். அங்குள்ள 'ராதஃப்' என்ற வினை பெரும்பாலும் எதிரி துரத்துவதற்கு வருவது. முந்தின வசனத்தில்தான் சத்துருக்கள் பந்தியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அடுத்த மூச்சில் துரத்தி வருபவை நன்மையும் கிருபையும்.