புதுக் கார், நாலே மாதத்தில் கியர்பாக்ஸ் கோளாறு: மாற்றுக் கார் கேட்க முடியுமா?

இண்டிகேட்டர் எழுதியது:

டூயல் கிளட்ச் (ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று என இரண்டு கிளட்ச்) ஆட்டோமேட்டிக் பெட்ரோல் கார். வாங்கி நாலு மாதம், ஓட்டம் 5,200 கி.மீ. இன்வாய்ஸ் விலை ரூ.11.8 லட்சம், பாதிக்கு மேல் வங்கிக் கடன்.

காலையில் எடுத்ததும் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது வண்டி உதறுகிறது. சிக்னலில் நின்று கிளம்பும்போது சில நேரம் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் இழுப்பதே இல்லை. கியர்பாக்ஸ் எச்சரிக்கை வருகிறது, எஞ்சினை அணைத்துப் போட்டால் போய்விடுகிறது. சர்வீஸ் சென்டரில் மூன்று முறை விட்டாயிற்று. முதலில் சாஃப்ட்வேர் அப்டேட், அடுத்து 'அடாப்டேஷன்', மூன்றாவது முறை 'பரிசோதித்ததில் குறை இல்லை, இந்த வகை கியர்பாக்ஸின் இயல்பு' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மூன்று முறை ரிப்பேருக்குப் போனால் புது வண்டி தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருப்பதாகச் சொல்கிறார்கள், உண்மையா? வழக்கு டீலர் மேலா, கம்பெனி மேலா? இ.எம்.ஐ.யை நிறுத்திவைக்கலாமா?

---

ஸ்பானர் செட் எழுதியது:

சட்டத்தை அது தெரிந்தவர்கள் சொல்லட்டும். முதலில் வண்டி.

'இயல்பு' என்பதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அந்தப் பதில் ஆபத்தானது. டிரை டூயல் கிளட்ச் (ஆயிலில் ஊறாத வகை) நெரிசலில் ஊர்ந்து போனால் கிளட்ச் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் ஓடும், சூடேறும், எச்சரிக்கை வரும், கொஞ்ச நேரம் ஆறவிட்டால் சரியாகும். நீங்கள் சொல்வது வேறு. காலையில் குளிர்ந்த வண்டி உதறுகிறது என்றால் சூட்டைக் காரணம் சொல்ல முடியாது. கிளட்ச் தகட்டில் ஆயில் கசிவு, கிளட்ச் பேக்கிலேயே குறை, அதை இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட்டில் குறை, இப்படி ஏதோ ஒன்று. இன்னொன்றையும் கவனியுங்கள்: எச்சரிக்கை வரும்போது ஒற்றைப்படை கியர்கள் மட்டும் விழுகின்றனவா, இரட்டைப்படை மட்டுமா? ஒரு பக்கம் மட்டும் போனால் இரண்டு கிளட்ச்சில் ஒன்றோ, அந்தப் பக்கத்து இயக்கமோ கெட்டிருக்கிறது என்று அர்த்தம். அது எந்த கியர்பாக்ஸுக்கும் இயல்பு கிடையாது.

அடாப்டேஷன் என்பது கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று கம்ப்யூட்டருக்குப் புதிதாகக் கற்றுக்கொடுப்பது. செய்ததும் நன்றாக ஓடும், சில நூறு கி.மீ.யில் பழையபடி ஆகும். ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டரின் வேலைப் பதிவுத் தாள்) அது திரும்பத் திரும்ப வந்தால் உங்களுக்கு நல்லதுதான், மருந்து வேலை செய்யவில்லை என்று அவர்கள் கையெழுத்திலேயே இருக்கிறது.

அடுத்த முறை விடும்போது:

வாடிக்கையாளர் புகார் என்ற கட்டத்தில் 'ஜெனரல் செக்அப்' என்று அட்வைசர் டைப் செய்தால் கையெழுத்துப் போடாதீர்கள். 'குளிர்ந்த நிலையில் 1-2 கியர் மாற்றத்தில் உதறல், நின்று கிளம்பும்போது இழுவை இல்லை, கியர்பாக்ஸ் எச்சரிக்கை' என்று உங்கள் வார்த்தையில் ஏறட்டும். மறுத்தால் அங்கேயே நின்று அதே வாசகத்தை சர்வீஸ் மேனேஜருக்கு மெயில் அனுப்புங்கள், ஜாப் கார்டு எண்ணோடு.

ஸ்கேனர் போட்டதும், அதில் வரும் பிழைக் குறியீடுகளை (ஃபால்ட் கோட்) அழிக்கும் முன்பே ரிப்போர்ட்டை பிரிண்ட் கேளுங்கள். குறியீடு பதிவான நொடியில் வேகம், ஆர்.பி.எம்., வெப்பநிலை என்ன என்ற ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரம் அதில் இருக்கும். குறியீட்டை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். 'குறை இல்லை' என்பதற்குப் பெரும்பாலும் 'அழித்த பிறகு பார்த்தோம், இல்லை' என்றுதான் பொருள்.

காலை நேரக் கோளாறைப் பிற்பகலில் ஓட்டிப் பார்த்தால் வராது. முதல் நாள் மாலையே வண்டியை விட்டு, மறுநாள் காலை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். அவர் உணர்ந்ததை ஜாப் கார்டில் எழுதவையுங்கள்.

வீடியோ எடுத்தால் எச்சரிக்கை விளக்கும் ஓடோமீட்டரும் ஒரே காட்சியில் வரட்டும். எடுப்பது பக்கத்தில் இருப்பவர், ஓட்டுபவர் அல்ல.

வெளி மெக்கானிக்கிடம் கியர்பாக்ஸைத் திறக்கவே கூடாது. வாரண்டி போகும், சாட்சியமும் போகும். வயரை வெட்டி ஹார்ன், ஹெட்லைட் மாற்றும் ஆசையையும் தள்ளிவையுங்கள். இலவச சர்வீஸ்களைத் தவறாமல், கெடுவுக்குள் செய்யுங்கள். எதிர்தரப்பு முதலில் தேடுவது அந்த ஓட்டையைத்தான்.

---

குறைதீர் மேசை எழுதியது:

மேலே சொன்னது முழுவதும் வழக்குக்கும் அடித்தளம். இப்போது கேள்விகள்.

மூன்று முறை என்ற கணக்கு இந்தியச் சட்டத்தில் இல்லை. அது அமெரிக்க மாநிலங்களின் 'லெமன் சட்டம்' (திரும்பத் திரும்பப் பழுதாகும் புது வண்டிக்கு மாற்றோ பணமோ தரச் சொல்லும் சட்டம்) பற்றிப் படித்துவிட்டு இங்கே பரவியது. இங்கே இருப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. அதன் 39-ஆம் பிரிவில் நுகர்வோர் ஆணையம் உத்தரவிடக்கூடியவை: குறையை நீக்கித் தருவது, குறையில்லாத புதுப் பொருள் தருவது, விலையை வட்டியோடு திருப்புவது, இழப்பீடு. எது கிடைக்கும் என்பது நீங்கள் எதை நிரூபிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பாகம் கெட்டது என்பது வேறு, வண்டியிலேயே உற்பத்திக் குறை, ரிப்பேரால் தீராது என்பது வேறு. 2006-இல் மாருதி உத்யோக் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரண்டி குறையுள்ள பாகத்தை மாற்றத்தான், காரையே மாற்ற அல்ல என்று சொல்லி மாற்றுக் கார் உத்தரவை ரத்து செய்தது. அங்கேயும் பிரச்சினை கிளட்ச்தான். கம்பெனி வக்கீல் முதல் பதிலிலேயே இதைக் காட்டுவார். இன்னொரு பக்கம், 2010-இல் ஃபியட் இந்தியா வழக்கில், சார்பில்லாத நிபுணர் உற்பத்திக் குறை என்று கண்டால் விலையை வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது நிபுணர் அறிக்கை.

ஆகவே கோரிக்கையைப் படிப்படியாக எழுதுங்கள்: மாற்றுக் கார், அது இல்லையென்றால் விலை, சாலை வரி, காப்பீட்டுத் தொகை வட்டியோடு, அதுவும் இல்லையென்றால் புது கியர்பாக்ஸ், நீட்டித்த வாரண்டியோடு. இவை தவிர மன உளைச்சலுக்கும் மாற்றுப் போக்குவரத்துக்கும் தனித் தொகை. 'புதுக் கார் மட்டும்' என்று கேட்டு, நிபுணர் 'பாகம் மாற்றினால் போதும்' என்று சொல்லிவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாமல் போகலாம்.

டீலர், தயாரிப்பாளர் இருவரையும் சேருங்கள். இருவருக்கும் உள்ள ஒப்பந்தம் முதலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலானது (டீலர் கம்பெனியின் ஏஜென்ட் அல்ல, காரைத் தானே வாங்கி விற்பவர்) என்பதால் டீலரின் தவறுக்குத் தயாரிப்பாளர் தானாகப் பொறுப்பாக மாட்டார், உற்பத்திக் குறை டீலருடையதும் அல்ல. ஒருவரை விட்டால் மற்றவர் அவரைக் கை காட்டுவார். மனுவில் யார் என்ன தவறு செய்தார் என்று தனித்தனியாக எழுதுங்கள்.

இ.எம்.ஐ.யை நிறுத்தாதீர்கள். வங்கிக்கும் கியர்பாக்ஸுக்கும் சம்பந்தமில்லை. சிபில் கெடும், வண்டியை அவர்கள் தூக்கிப் போனால் பரிசோதிக்க வண்டியே இருக்காது. கட்டிய வட்டியைக் கோரிக்கையில் சேருங்கள்.

ஒழுங்கு இப்படி: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் (சில நேரம் இதிலேயே முடியும், புகார் எண்ணைக் குறித்துவையுங்கள்). பிறகு டீலருக்கும் கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்கும் 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ். வக்கீல் நோட்டீஸாக இருக்க வேண்டியதில்லை. பிறகு மனு. செலுத்திய விலை ரூ.50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 'வழக்கு எங்கள் ஊர் நீதிமன்றத்தில் மட்டும்' என்று இன்வாய்ஸில் அச்சடித்திருப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். ரூ.10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை கட்டணம் ரூ.400. கெடு, வழக்குக்கான காரணம் எழுந்ததிலிருந்து 2 ஆண்டு. 'பார்க்கிறோம் சார்' என்று அவர்கள் இழுப்பதால் அந்தக் கெடு நீளாது.

---

இண்டிகேட்டர் எழுதியது:

மிக்க நன்றி, இருவருக்கும். நிபுணரை யார் ஏற்பாடு செய்வது? தனியாக ஒரு மெக்கானிக்கிடம் கடிதம் வாங்கி இணைத்தால் போதாதா? வழக்கு முடியும்வரை வண்டியை ஓட்டலாமா?

---

குறைதீர் மேசை எழுதியது:

கடிதம் இணைப்பதில் தப்பில்லை, ஆனால் 'காசு கொடுத்து வாங்கியது' என்று ஒரே வரியில் அடித்துவிடுவார்கள். பிரிவு 38(2)(சி)-யின் கீழ் ஆணையமே பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அதற்கு மனுவோடு சேர்த்தே ஓர் இடைமனு (வழக்கு நடக்கும்போதே உத்தரவு கேட்கும் துணை மனு) போடுங்கள். வாதம் வரும்வரை காத்திருந்தால் 'குறையை நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரருடையது, அவர் நிபுணரைக் கேட்கவே இல்லை' என்று தீர்ப்பில் வரும். மோட்டார் வாகன ஆய்வாளர் அல்லது அரசுப் பொறியியல் கல்லூரி ஆட்டோமொபைல் துறைப் பேராசிரியர் என்று நீங்களே பரிந்துரைக்கலாம். உங்கள் பிரச்சினைக்குப் பேராசிரியர்தான் பொருத்தம் என்பது என் கருத்து. ஆய்வாளரின் வழக்கமான பார்வை வண்டி சாலைக்குத் தகுதியா என்பது, கியர்பாக்ஸின் உள்ளே என்ன என்பது அல்ல. கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டிவரும்.

நிபுணர் விடை சொல்ல வேண்டிய கேள்விகளையும் நீங்களே எழுதிக் கொடுங்கள்: குளிர்ந்த நிலையில் உதறல் உண்டா? காரணமான பாகம் எது? அது ஓட்டும் முறையால் வந்ததா, உற்பத்தியிலிருந்தே இருப்பதா? பாகம் மாற்றினால் நிரந்தரமாகத் தீருமா? 'வண்டியைப் பரிசோதிக்கவும்' என்று மட்டும் போனால் 'ஓட்டிப் பார்த்தோம், ஓடுகிறது' என்று ஒரு பக்கம் திரும்பி வரும்.

எதிர்தரப்பு பதில் போட 30 நாள், ஆணையம் மிஞ்சிப்போனால் 15 நாள் கூட்டித் தரலாம். அந்த 45 நாள் கட்டாயம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது, எனவே தேதியை எண்ணிக்கொண்டிருங்கள். பரிசோதனை உள்ள வழக்கு 5 மாதத்தில் முடிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

சமரசப் பேச்சு வந்தால் கியர்பாக்ஸ் மாற்றத்தை ஏற்கலாம், ஆனால் பாக எண், புது வாரண்டியின் கால அளவு, அதே கோளாறு திரும்பினால் என்ன என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். 'முழு திருப்தி' என்ற படிவத்தில் வண்டியை எடுக்கும் அவசரத்தில் கையெழுத்திடாதீர்கள்.

---

ஸ்பானர் செட் எழுதியது:

ஓட்டுவது பற்றி: தேவைக்கு மட்டும். 40,000 கி.மீ. ஓடிய பிறகு 'உற்பத்திக் குறை' என்றால் எடுபடுவது கஷ்டம், பணம் திரும்பினாலும் தேய்மானம் கழிக்க வாய்ப்புண்டு. அதற்காக சர்வீஸ் சென்டரிலேயே போட்டுவிட்டு வராதீர்கள். 'சரி செய்துவிட்டோம், அவர்தான் எடுக்கவில்லை' என்று பார்க்கிங் கட்டணம் கேட்டு நோட்டீஸ் வரும். 'கோளாறு தீரவில்லை, ஆட்சேபத்தோடு எடுக்கிறேன்' என்று டெலிவரி தாளில் எழுதிக் கையெழுத்திட்டு எடுங்கள். நடுச்சாலையில் இழுவை போகும் வண்டி, லாரிகளுக்கு நடுவே நெடுஞ்சாலையில் அதை ஓட்டாதீர்கள்.

---

நான்குவழிச்சாலை எழுதியது:

விடுபட்ட ஒன்றிரண்டு.

இழுவை போவது பாதுகாப்புக் குறை. மோட்டார் வாகனச் சட்டம் 110ஏ பிரிவில் திரும்ப அழைக்கும் ஏற்பாடு இருக்கிறது, வாகன் என்ற அரசு இணையதளத்தில் உரிமையாளரே புகார் பதியலாம். அதனால் உங்களுக்குப் பணம் வராது, ஆனால் அதே மாடலில் பலர் பதிந்தால் கம்பெனி 'இயல்பு' என்று சொல்வது கடினம்.

2019 சட்டத்தின் தயாரிப்புப் பொறுப்பு அத்தியாயத்தை மனுவில் சேர்க்கச் சிலர் சொல்வார்கள். அது காயம், உயிரிழப்பு, மற்ற சொத்துச் சேதத்துக்கு. பொருளுக்கே நேர்ந்த கேடு அதில் வராது. குறையுள்ள பொருள், சேவைக் குறைபாடு என்ற வழக்கமான புகாரே உங்களுக்குப் போதும்.

ஏர்பேக் விரியாதது போன்ற வழக்குகளில் நிலைமை வேறு. மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்கிடும் இயற்பியல் நிபுணராக நுகர்வோர் இருக்கத் தேவையில்லை என்று 2022-இல் ஹூண்டாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கியர்பாக்ஸுக்கு அந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள்.

டாக்ஸியாக வாங்கியவர்கள் இதைப் படித்தால்: தானே ஓட்டிப் பிழைக்க வாங்கிய வண்டி என்றால் நீங்களும் நுகர்வோர்தான், மனுவின் முதல் பத்தியிலேயே 'சுயதொழில் மூலம் வாழ்வாதாரத்துக்காக' என்று எழுதுங்கள். சம்பளத்துக்கு டிரைவர் வைத்து நாலைந்து வண்டி ஓட்டுபவர் சிவில் நீதிமன்றம்தான் போக வேண்டும்.