தக்காளிப் பெட்டி 14 கிலோவா, 15 கிலோவா?

உடுமலைக்காரன்:
அரசின் திறந்த தரவும், சனி ஞாயிறில் சம்பளமில்லாமல் நிரல் எழுத இருபது பேரும் இருந்தால் போதும், கொங்கு நாட்டில் யாரும் தக்காளியை ரோட்டில் கொட்ட மாட்டார்கள், உணவுப் பாதுகாப்பு வந்துவிடும் என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அவருடைய செயலியைத் திறந்தால் பெட்டி 15 கிலோ என்கிறது. உடுமலையில் பெட்டி 14 கிலோ. இதுகூடத் தெரியாமல் எங்களுக்கு விலை சொல்ல வந்துவிட்டீர்களா?

சரவணம்பட்டி நிரலர்:
எழுதியவன் நான்தானுங்க. கிணத்துக்கடவில் 15 கிலோ பெட்டி, நேரில் போய்க் கேட்டோம். மத்திய அரசின் வேளாண் சந்தைத் தளமான அக்மார்க்நெட் 2000-லிருந்து சந்தை விலையைப் போடுகிறது. குறைந்தது, அதிகபட்சம், பெரும்பாலும் விற்றது என்று மூன்று விலை, எல்லாம் குவிண்டாலுக்கு, அதாவது நூறு கிலோவுக்கு. விவசாயி பெட்டிக் கணக்கில்தானே பேசுகிறார் என்று மாற்றிக் கொடுத்தோம். தவறென்றால் நிரல் கிட்ஹப்பில், அதாவது யாரும் பார்த்துத் திருத்தம் சொல்லக்கூடிய இணையதளத்தில், திறந்தே கிடக்கிறது, ஒரு வரி திருத்தினால் முடிந்தது.

உடுமலைக்காரன்:
ஒரு வரியா? பெட்டி 140 ரூபாய் என்றால் 14 கிலோவுக்கு கிலோ 10 ரூபாய், 15 கிலோவுக்கு 9 ரூபாய் 33 காசு. நூறு பெட்டி இறக்கினால் ஒரு குவிண்டால் தக்காளி கணக்கிலேயே இருக்காது. போன மாதம் மண்டியில் சண்டை போட்டு என் பெட்டியைத் தராசில் ஏற்றினேன். காலிப் பெட்டி எடை போக 15 கிலோ 200 கிராம். சீட்டில் எழுதியது 14. இது உங்கள் தரவில் எந்தக் கட்டத்தில் வருகிறது?

சரவணம்பட்டி நிரலர்:
அப்போ 15 என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

உடுமலைக்காரன்:
ரொப்பியது 15, காசு வந்தது 14-க்கு. பெட்டி 14 தான்.

பொள்ளாச்சி அம்மிணி:
உணவுப் பாதுகாப்பு என்றால் சாப்பிடுகிறவர்களும் உண்டே. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் வந்தது, தமிழ்நாட்டில் 2016 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. எங்கள் ரேஷன் கடையில் இன்று பருப்பு இருக்கிறதா என்று போகாமலே தெரிந்தால் எனக்கு ஒரு நாள் கூலி மிஞ்சும். அதைச் செய்து கொடுங்கள் தம்பி.

உடுமலைக்காரன்:
அக்கா, இங்கே பேச்சு பெட்டியைப் பற்றி.

பெருந்துறை மஞ்சள்:
இவர் எப்போதும் இப்படித்தான். மஞ்சள் விலை பேசியபோதும் ஈரப்பதம் ஒன்றையே பிடித்துக்கொண்டு, என்னை வியாபாரியின் ஆள் என்றார். நான் இன்னும் மறக்கவில்லை.

உடுமலைக்காரன்:
வியாபாரி பக்கம் பேசினீர்கள், சொன்னேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

பெருந்துறை மஞ்சள்:
நாலு ஏக்கர் மஞ்சள் போட்டவனைப் பார்த்து அப்படிச் சொல்ல உங்களுக்கு என்ன தகுதி? முதலில் மன்னிப்புக் கேளுங்கள்.

சரவணம்பட்டி நிரலர்:
தரவே இல்லாத காலத்தில் மண்டிக்காரர் சொன்னதுதான் விலை. இன்றைக்கு அவரிடம் எதிர்த்துக் கேட்க கையில் ஒரு எண்ணாவது இருக்கிறது. எங்கள் பையன்கள் தூக்கத்தை விட்டு உழைத்தது அதற்குத்தான், அதைக் கேவலமாகப் பேசாதீர்கள்.

உடுமலைக்காரன்:
உழைப்பை நான் குறை சொல்லவில்லை. குவிண்டால் விலை சரியாகவே இருக்கட்டும், ஏமாற்றுவது எடையில் நடக்கிறது, அதை எந்தத் தளமும் எழுதுவதில்லை. வெள்ளிக்கிழமை விடிகாலை தராசோடு உடுமலைச் சந்தைக்கு வாருங்கள்.

சரவணம்பட்டி நிரலர்:
வருகிறேன். அடுத்த நாள் நீங்கள் கிணத்துக்கடவுக்கு வாருங்கள்.

உடுமலைக்காரன்:
நான் எதற்கு அங்கே வர வேண்டும்? முதலில் 14 என்று மாற்றுங்கள்.