பட்டப்பகலில் மேலே வந்த ஆங்லர் மீன்

கேள்வி: 2025 ஜனவரியில் ஸ்பெயினின் டெனெரிஃப் தீவுப் பக்கம் எடுத்த அந்த ஆங்லர் மீன் வீடியோவைப் பார்த்தீர்களா? கன்னங்கரேலென்று, வாய் நிறைய ஊசிப் பல்லோடு வெயிலில் நீந்துகிறது. ஆழ்கடல் மீனுக்கு மேலே என்ன வேலை?

பதில் 1: நோயாக இருக்கலாம், இல்லை ஏதாவது துரத்தியிருக்கலாம், யாரும் அடித்துச் சொல்லவில்லை. சுறா ஆய்வுக்குப் படகில் போனவர்கள் கரையிலிருந்து சுமார் 2 கி.மீ. தூரத்தில் தற்செயலாகப் பார்த்தது, மீன் சில மணி நேரத்திலேயே செத்துப்போய் அப்புறம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. வழக்கமாக 200 மீட்டருக்குக் கீழேதான் இருக்கும்.

பதில் 2: ஏதோ ராட்சசன் என்று பயந்தேன், பார்த்தால் உள்ளங்கைக்குள் அடங்குமாம்!

பதில் 3: ஆண் மீன் இன்னும் பொடிசு, 3 செ.மீ. வந்தாலே அதிகம். இரையை இழுக்கத் தலையில் தூண்டில் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது பெண்ணுக்கு மட்டும்தான், நுனியில் வெளிச்சம் தருவது பாக்டீரியா.

கேள்வி கேட்டவர்: சரி, பாவம்தான் அது.