சர்வரில் ஃபைல் ஏற்றும்போது மட்டும் வேகம் இல்லை, உதவி தேவை

வணக்கம் நண்பர்களே, எங்கள் ஆபீஸில் பன்னிரண்டு பேரும் ஒரே உபுண்டு சர்வரில் சாம்பா (நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் மென்பொருள்) வழியாகத்தான் வேலை செய்கிறோம், போன திங்கட்கிழமையிலிருந்து அதிலிருந்து ஃபைல் இறக்கினால் நொடிக்கு 110 எம்பி வருகிறது, ஏற்றினால் 6 எம்பியைத் தாண்டவில்லை. ஐபெர்ஃப் (டிஸ்கைத் தொடாமல் நெட்வொர்க் வேகத்தை மட்டும் அளக்கும் கருவி) ஓட்டினாலும் இதே கதைதான், அதனால் டிஸ்க் மேல் சந்தேகமில்லை. நெட்வொர்க் கார்டின் நிலையைக் காட்டும் ஈத்டூல் கட்டளை 1000 எம்பிபிஎஸ், ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரு திசையிலும்) என்றே காட்டுகிறது. ஆனால் சர்வர் பக்கம் சிஆர்சி எர்ரர் (வழியில் சிதைந்து வந்த டேட்டா) எண்ணிக்கை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறுகிறது!

சுவிட்சில் போர்ட் மாற்றிப் பார்த்துவிட்டேன். அப்புறம் ஒன்று, போன வாரம் புது ஏசிக்கு இழுத்த கரண்ட் ஒயர் ஃபால்ஸ் சீலிங்கில் நம் கேட்5இ நெட்வொர்க் கேபிளை ஒட்டியே போகிறது. கேபிள் முனையில் கனெக்டரை மறுபடி கிரிம்ப் செய்தால் போதுமா, புது கேட்6 இழுப்பதா, இல்லை சர்வரின் நெட்வொர்க் கார்டே போய்விட்டதா? ராத்திரி பேக்கப் காலை பத்து மணி வரை ஓடுகிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.