ஆறு வயசுல தொப்பைக் கவலை. இவளுக்கு என்ன சொல்லட்டும்?

தோழிகளே, ஒரு யோசனை சொல்லுங்க. என் மகளுக்கு ஆறு வயசு. நேத்து ராத்திரி ரெண்டாவது தோசையைத் தள்ளி வெச்சுட்டு, "எனக்குத் தொப்பை வந்துடும்மா"ன்னு சொன்னா. மடியில அந்த ஒல்லி பார்பி பொம்மை. அதோட இடுப்பை ரெண்டு விரலால பிடிச்சுப் பார்க்கறா, அப்புறம் தன் வயித்தையும் பிடிச்சுப் பார்க்கறா. மனசு பதறிப்போச்சு.

தேடிப் படிச்சேன். பிரிட்டன்ல நடத்தி 2006-ல வெளியான ஆய்வுல, பார்பி படங்களைப் பார்த்த சின்னப் பொண்ணுங்களுக்குத் தங்களோட உடம்பு மேல திருப்தி குறைஞ்சிருக்கு. 1965-ல வந்த ஒரு பார்பியோட, எடை குறைக்கறது எப்படின்னு ஒரு குட்டிப் புத்தகம். பின்னட்டையில "சாப்பிடாதே"ன்னு போட்டிருக்கு! பூசினாப்புல, குட்டையா, நெட்டையா பார்பி வந்ததே 2016-லதான். டாக்டர் பார்பி, விண்வெளி பார்பி எல்லாம் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா இவ கேட்கறது புது கவுன் மட்டும்தான்.

பொம்மையைப் பிடுங்க மனசு வரலை. அதைக் கட்டிக்கிட்டுத்தான் தூங்கறா. இதே வயசுப் பிள்ளை இருக்கறவங்க எப்படிப் பேசினீங்க? துணிப் பொம்மை தைக்கத் தெரிஞ்சவங்க, இவளை மாதிரியே மாநிறமா, கொழுகொழுன்னு ஒண்ணு தைக்க அளவு சொல்லுங்களேன்.